பந்தில்லாமல் ஓடுபவன்

அமெரிக்கக் கால்பந்தில், பந்தைப் பெரும்பாலும் எறியாமல் கையில் ஏந்தி ஓடியே முன்னேறும் 'விங்-டி' ஆட்டமுறையைப் பழங்காலத்து ஏமாற்று வேலை என்று ஒதுக்குவோர் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை.

பந்து ஒருவனிடம் இருக்கும். தம்மிடமே இருப்பதான பாவனையில் வேறிருவர் வெவ்வேறு திசைகளில் ஓடுவார்கள். எதிரணி ஒரு கணம் தயங்கும். உடல்வலு குறைந்த பள்ளிச் சிறுவர்களுக்கு அக்கணமே போதும். 151 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த கலிபோர்னியாவின் டி லா சால் பள்ளியை, 2004இல் வாஷிங்டன் மாநிலத்துப் பெல்வியூ பள்ளி 39-20 என வீழ்த்தியது இம்முறையில்தான்.

வெற்றியைவிட நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. பந்தில்லாதவன் சோம்பி ஓடினால் பாவனை கலைந்துவிடும். கைதட்டல் தனக்கில்லை என்றறிந்தும் முழுமூச்சாய் ஓடி அடியையும் வாங்கிக்கொள்ளும் அச்சிறுவனை முதலில் பாராட்டாத பயிற்சியாளர், ஏமாற்றை மட்டுமே கற்பிக்கிறார்.