தீர்த்துவிடும்போது நிலம் வாங்கும் பெண்கள் கவனத்துக்கு

நம் காலனிகளில் பல விவாகரத்துகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில்தான் தீர்கின்றன. கையில் பணமில்லாத கணவன், "அந்த மூணு சென்ட்டை நீயே வச்சுக்கோ" என்பான். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். ஆனால் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யாமல் எழுதிக்கொடுத்தால் உரிமை மாறாது. அந்தத் தாளை வைத்துப் பட்டாகூட மாற்ற முடியாது.

பணமாக வாங்கினால் சிக்கல் குறைவு. மாதாமாதம் வரும் ஜீவனாம்சம் வருமானம். மொத்தமாக வாங்கும் தொகை மூலதன வரவு, அதற்கு வருமான வரி இல்லை. இந்த வேறுபாட்டை வகுத்தது பிரதாப்கர் இளவரசி ஒருவரின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம். 2025-26 முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இது ஏட்டளவு வேறுபாடே. அரசு வேலையில் இருப்பவர்தான் மாதத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

ஏழைப் பெண்ணிடம் வரி வந்து நிற்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம். கணவன் மனைவிக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம். தீர்ப்பு வந்துவிட்டால் அவள் மனைவி இல்லை, குடும்பத்தாருக்கான சலுகையும் இல்லை. 7 சதவீதம் கேட்பார்கள். 5 லட்சம் மதிப்புள்ள வீட்டுமனைக்கு 5,000 ரூபாய் 35,000 ஆகிவிடும். பதிவுக் கட்டணம் தனி.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. கணவன் தருவது பஞ்சமி நிலமா என்று பார்க்க வேண்டும். 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்ட அந்த நிலம் பிற சாதியாரிடம் போகக்கூடாது என்பது நிபந்தனை. சாதி மறுப்புத் திருமணம் செய்த பிற சாதிப் பெண்ணுக்குத் திருமணத்தால் சாதி மாறுவதில்லை. அவர் பெயருக்கு எழுதிய பத்திரம் செல்லாது என்று பின்னால் யாரும் வழக்குப் போடலாம். அப்படிப்பட்ட இடத்தில் பணமாகக் கேட்பதே நல்லது.

பரஸ்பர சம்மத மனுவில் முதல் விசாரணைக்கும் இரண்டாவதற்கும் இடையே பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. அதற்குள் பத்திரத்தைப் பதிந்து, வில்லங்கச் சான்றில் பெயர் வந்ததைப் பார்த்த பிறகு நீதிமன்றத்தில் சம்மதம் சொல்லலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச உதவி உண்டு.