இரண்டு நிமிட வழியனுப்பு

கோவில்பட்டியில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றும் காலை ஆறு மணிக்குப் பத்துப் பதினைந்து பையன்கள் ஹாக்கி மட்டையோடு வந்துவிடுவார்கள். போன வாரம் ஒருவனிடம், "தன்ராஜ் பிள்ளை யாருன்னு தெரியுமாடா?" என்று கேட்டேன். "எந்தக் கட்சி சார்?" என்றான்.

கோபம் வரவில்லை. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் படத்தைப் போனில் வைத்திருக்கிற பையன் அவன். ஆட்டத்தின் மேல் பிரியம் இல்லாதவன் இல்லை. தன்ராஜை அவனுக்கு நாம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை தன்ராஜ். அப்பா நாகலிங்கம், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்தவர். அண்ணன் தம்பிகள் உடைந்த மட்டைகளைக் கயிறு சுற்றி ஒட்டவைத்து ஆடினார்கள். எங்கள் ஊர் செம்மண்ணில் நாங்களும் அப்படித்தான் ஆடினோம்; அதனாலேயே அவர் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி. 1989-ல் இந்திய அணிக்குள் வந்தார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு. தலைமுடி பறக்க அவர் வலது ஓரமாக ஓடினால் பந்து மட்டையை விட்டு விலகவே விலகாது. அதைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க முப்பது வருடம் முயன்றேன், ஒருவனுக்கும் வரவில்லை.

வாய் அடங்காதவர் என்பதும் உண்மை. நிர்வாகத்திடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவார். 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில் தென்கொரியாவை வென்று, 32 வருடம் கழித்து ஆசியத் தங்கம் கொண்டுவந்தார்கள். ஊர் திரும்பியதும் அவரோடு சேர்த்து ஏழு பேருக்கு "ஓய்வு" கொடுக்கப்பட்டது. சேர வேண்டிய பணத்தை நிர்வாகத்திடம் கேட்டதற்குத் தண்டனை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். 2000-ல் சிட்னி. போலந்தை வென்றால் அரையிறுதி. ஒரு கோல் முன்னிலையில் இருந்து, முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது கோல் வாங்கினோம். தன்ராஜ் அழுதார். அன்று எங்கள் வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு ஆறாதது 2004 ஏதென்ஸ்தான். 36 வயதில் அவருடைய நான்காவது ஒலிம்பிக். கடைசி ஆட்டம், கொரியாவோடு ஏழாவது இடத்துக்கு. பதக்கம் ஒன்றும் கைநழுவப் போவதில்லை. அந்த ஆட்டத்தில்கூட அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, முடியப்போகிற நேரத்தில் ஓரிரு நிமிடத்துக்கு இறக்கினார்கள். வேகம் குறைந்துவிட்டது என்றார்கள். குறையாமல் இருக்குமா? அப்படி நினைத்தவர்கள் விமானம் ஏற்றும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இருபது வருடம் கழித்துப் பாரிஸில் ஸ்ரீஜேஷ், இதுதான் என் கடைசிப் போட்டி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆடினார். ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு விடைபெற்றார். அவருடைய 16-ம் எண் சட்டையைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா சொன்னது. பார்க்க நிறைவாக இருந்தது. ஆனால், முன்கூட்டி அறிவிக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? டோக்கியோவில் மகளிர் அணியை நான்காம் இடம்வரை கொண்டுபோன ராணி ராம்பாலுக்கு 2024 அக்டோபரில் டெல்லியில் பாராட்டு நடத்தி, 28-ம் எண்ணையும் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். அவர் அணியை விட்டு வெளியேறி வெகுநாள் கழித்து, ஆண்கள் ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது அது. ஆடிக்கொண்டிருந்தபோதே ஓர் ஆட்டத்தைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

எங்கள் ஊர் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியபோது தெருவே பட்டாசு வெடித்தது. அவருக்கும் ஒருநாள் கடைசி ஆட்டம் வரும். ஹாக்கி இந்தியாவுக்குச் சொல்கிறேன்: நூறு ஆட்டம் தாண்டிய எவரையும் பட்டியலில் பெயர் இல்லாமல் போவதன் மூலம் அனுப்பாதீர்கள். இந்த ஆட்டத்தோடு முடிகிறது என்று அவரிடமும் எங்களிடமும் முன்பே சொல்லுங்கள்.

தன்ராஜுக்கு அந்த வழியனுப்பு ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில், கால் மணி நேரக் காட்சி ஆட்டமாக இருந்தாலும் போதும். தேதியை மட்டும் சொல்லுங்கள். பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு எங்கள் செலவிலேயே வந்துவிடுகிறோம்.