பழைய லென்ஸும் புதிய காமிராவும்

சென்ற விடுமுறையில் யாம் ஜலகண்டாபுரத்தில் எம் நண்பர் ஒருவர் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவர் தந்தையார் குழித்தறியில் நெய்பவர். ஊரெங்கும் விசைத்தறியின் ஓசை நிறைந்திருப்பினும், அவ்வீட்டில் கைத்தறியொன்று இன்னும் ஓய்ந்திலது. ஆயினும் வருந் தை மாதத்தோடு அதனையும் விற்றுவிடுவதென வீட்டார் துணிந்திருந்தனர். அதற்குமுன் தந்தையார் தறியிலமர்ந்து நெய்யுங் கோலத்தைப் படமெடுத்து வைத்தல் வேண்டுமென்பது நண்பரின் பேரவா.

அவரிடம் பிறர் பயன்படுத்திய சோனி காமிராவொன்றும், அதனுடன் வந்த லென்ஸொன்றும் இருந்தன. தறியறையோ வெளிச்சங் குறைந்தது. எடுத்த படங்களிலெல்லாம் நாடா ஓடுங் கை கலங்கியே தோன்றிற்று. நகரத்துக் கடையொன்றில் உசாவியபொழுது, இருளுக்கேற்ற புதிய லென்ஸின் விலையைக் கூறினர். அஃது அக்குடும்பத்தின் பல மாதக் கூலியாகும். நண்பரின் மாமனார் முன்னாளில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவரது பெட்டியிற் கிடந்த பென்டாக்ஸ் கம்பெனியின் பழைய லென்ஸைக் காட்டியதும், “அது வேறு கம்பெனி, இது வேறு கம்பெனி, பழைய இரும்புக்குப் போடுங்கள்” என்று விடை வந்தது. இவ்விடை பொருந்துமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

லென்ஸுக்குக் கம்பெனிப் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்தது தூரம் ஒன்றே. லென்ஸ் பொருந்தும் வாய்க்கும், ஒளியை ஏற்கும் பிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு காமிராவிலும் குறித்த அளவொன்று உண்டு. இவ்வளவு சரியாயின் தொலைவிலுள்ள மலையுந் தெளியும், பிழைத்தால் தெளியாது. அப்பழைய லென்ஸ் 42 மில்லிமீட்டர் திருகுவாய் உடையது. அதற்கு வேண்டும் தூரம் 45.46 மில்லிமீட்டர். 2010-இல் வெளிவந்த சோனி ‘ஈ’ வகையின் தூரம் 18 மில்லிமீட்டரே. எஞ்சிய 27.46 மில்லிமீட்டரை ஓர் உலோக வளையத்தால் நிரப்பிவிட்டால் லென்ஸ் தன் பழைய வீட்டிலிருப்பதாகவே எண்ணித் தொழில் செய்யும். அவ்வளையத்தினுள் கண்ணாடியும் இல்லை, மின்கருவியும் இல்லை; விலை சில நூறு ரூபாயே.

இக்கணக்கை அறியாது வளையம் வாங்குவோர் ஏமாறுதலுமுண்டு. அதே லென்ஸை நிக்கானின் பழைய ‘எப்’ வகைக் காமிராவில் ஏற்ற விரும்பினால், அதன் தூரம் 46.5 மில்லிமீட்டர்; அஃதாவது வளையம் இடுதற்குமுன்னரே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. ஒரு மில்லிமீட்டரில் என்ன கேடு என்று வினவுவாருளர். 55 மில்லிமீட்டர் லென்ஸாயின் ஏறக்குறைய 3 மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் தெளியாது. எதிரே அமர்ந்தவர் முகம் கிட்டும்; தாரமங்கலத்துக் கோபுரம் கிட்டாது. ஆகவே, மிகுதியைக் குறைக்கவொண்ணாது, குறையை நிரப்பலாம் என்பதே விதி.

முன்னாளில் இத்துணை வேலிகள் இருந்தில. 1949-இல் ஜெர்மனியில் வெளிவந்த கான்டாக்ஸ் ‘எஸ்’ காமிராவின் இத்திருகுவாயைப் பிராக்டிகாவும், ஜப்பானியப் பென்டாக்ஸும், ரஷ்ய ஜெனிட்டும் மேற்கொண்டன. ஒருவர் செய்த லென்ஸ் மற்றவர் காமிராவிற் பொருந்திற்று. பென்டாக்ஸும் 1975-இல் வேறு வாய்க்கு மாறிற்று. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தனி வாயில் வைத்துக்கொண்டது வாங்குவோர் வேறிடம் போகாமைப் பொருட்டுமாம் என்பது எம் துணிபு.

இதற்கு மறுப்புக் கூறுவாருமுளர். பழைய லென்ஸில் தானே குவியும் வசதி இல்லை என்பர். மெய்யே, கையாலேயே குவித்தல் வேண்டும். ஆயின் இக்காலக் காமிராக்கள் காட்சியைப் பெரிதாக்கிக் காட்டுவதோடு, தெளிந்த விளிம்புகளை வண்ணமிட்டுங் காட்டுகின்றன. ஓடியாடும் பந்தாட்டக்காரரைப் பிடித்தல் அரிது. தறியிலமர்ந்தவரைப் பிடித்தல் எளிது. எதிர்வெயிலில் நிறம் வெளுக்கும் என்பதும் மெய்யே. பூஞ்சை படிந்த லென்ஸும், எண்ணெய் கசிந்து துவாரத் தகடுகள் ஒட்டிக்கொண்ட லென்ஸும் பழுதுபார்க்குங் கூலிக்குத் தகுதியில்லாதிருக்கலாம். பழையதெல்லாம் நல்லதென்று யாம் வாதிக்கவில்லை. வேறு பெயர் பொறித்ததென்பதற்காகவே எறிந்துவிடுதல் அறிவன்று என்பதே எம் வாதம்.

இவ்வழியில் முன்சென்றார் பெரியோருமுளர். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காட்சியெடுக்க விரும்பிய ஸ்டான்லி குப்ரிக், அமெரிக்க விண்வெளி நிலையத்தார்க்கெனச் செய்யப்பட்ட ஜைஸ் லென்ஸை மிட்செல் சினிமாக் காமிராவில் பொருத்தி, 1975-இல் வெளிவந்த ‘பாரி லின்டன்’ படத்தை ஆக்கினார்.

எம் நண்பர் வளையத்தை வருவித்தார். லென்ஸ் இன்றியும் ஷட்டர் இயங்குமாறு காமிராவில் ஒரு கட்டளையை மாற்றினார். அவருடைய முந்தைய லென்ஸ் 55 மில்லிமீட்டரில் 5.6 என்னுந் துவாரத்திற்கு மேல் விரியாது, பழையதோ 1.8 வரை விரியும். அஃது ஒன்பது மடங்கிற்கும் மிக்க ஒளி. ஒரு மாலை முழுதும் எடுத்தவற்றுள் முப்பது வீண், நான்கு தேறின. அவற்றுளொன்றில் பாவின் இழைகளும், நாடாவை எதிர்நோக்கிய தந்தையாரின் விரல்களும் தெளிவாக நின்றன. அதனை நோக்கிய அவர், “அச்சில் ஓர் இழை அறுந்திருக்கிறதே, பார்த்தாயா?” என்றார். தாம் அப்பொழுது காணாத இழையை அப்படம் அவருக்குக் காட்டிற்று.

நம் கலாசாலைப் புகைப்படச் சங்கத்தார்க்கு எம் விண்ணப்பம் இது. சங்கத்தின் அலமாரியிலுள்ள லென்ஸ்களை எடுத்து, ஒவ்வொன்றின் வாயும் தூரமும் இன்னவென்று அட்டவணையொன்று எழுதுக. பொதுவான வளையங்கள் நாலைந்து வாங்கி மாணாக்கர்க்கு இரவல் தருக. பழைய மாணாக்கர்காள்! உங்கள் இல்லத்துப் பரணிற் கிடக்கும் லென்ஸைப் பழைய இரும்புக்கு இடுமுன் எங்களுக்கொரு சொல் விடுமின். புதியது வாங்க இயலாத மாணாக்கனொருவன் வீட்டிலும் தை மாதத்திற்குமுன் எடுத்தாக வேண்டிய படமொன்று இருக்கக்கூடும்.