உடையலைன்னாலும் அது ஃபெயிலியர்தான்

மெட்டீரியல்ஸ் பாடத்தில் "ஃபெயிலியர்" என்றாலே நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரெண்டா முறிஞ்ச ஷாஃப்ட், பல் உடைஞ்ச கியர். உடைஞ்சா ஃபெயில், முழுசா நின்னா பாஸ். இந்த நினைப்பை மாத்திக்கணும்னு நான் சொல்றேன். அதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம், துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அமெரிக்காவில் பயன்படுத்தும் ஸ்டீல் இலக்குத் தகடு.

நம்ம என்.சி.சி. நண்பர்கள் சுடுறது காகித இலக்கைத்தான். அங்கே சொந்த நிலத்திலேயே ஸ்டீல் தகட்டைத் தொங்கவிட்டுச் சுடுறவங்க நிறைய. குண்டு பட்டதும் "டிங்"னு சத்தம் வரும், கிட்ட போய்ப் பார்க்க வேண்டாம். மேல பெயின்ட் அடிச்சா மறுபடி புதுசு. அப்போ யாருக்கும் வர்ற கேள்வி: வீட்டுல கிடக்கிற பழைய மைல்ட் ஸ்டீல் பிளேட் போதாதா? நல்ல தடிமனா இருந்தா குண்டு துளைக்காதே?

துளைக்காது. ஆனா குழி விழும். ஆபத்து அங்கேதான் இருக்கு.

ஈயக் குண்டு, கடினமான சமதளத் தகட்டில் பட்டா நொறுங்கிடும். துண்டுகள் பெரும்பாலும் தகட்டை ஒட்டியே, மேலும் கீழும் பக்கவாட்டிலும் சிதறும். சுடுறவர் பக்கம் வர்றது குறைவு. அதே தகட்டில் ஒரு குழி இருந்தா? துண்டுகள் அந்தக் குழியின் வளைவிலேயே ஓடி, சுட்டவரை நோக்கியே திரும்பலாம். தகடு உடையலை, துளை விழலை, இருந்தாலும் அது ஃபெயில். தடிமன் குண்டைத் தடுக்கும், அவ்வளவுதான். மேற்பரப்பைச் சமமா வச்சிருக்கிறது ஹார்ட்னெஸ்.

அதனாலதான் ஏ.ஆர். 500 தகடு. லேப்ல செய்யும் பிரினெல் சோதனை ஞாபகம் இருக்கா? மைல்ட் ஸ்டீல் சுமார் 120, 130 காட்டும். இது சுமார் 500. சுரங்க லாரிகளின் உள்தகடு தேயாம இருக்கத்தான் இந்த வகை ஸ்டீல் முக்கியமா பயன்படுது.

ஆனா பேரை மட்டும் பார்த்து வாங்கினா போதாது. இந்தக் கடினம் குவென்ச்சிங்ல கிடைச்சது. சுமார் 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாக்கினாலே குறைய ஆரம்பிச்சிடும். கேஸ் கட்டிங் செஞ்சா ஓரம் மென்மையாகும். கொக்கியை வெல்டிங் வச்சா அதைச் சுத்தி மென்மையாகும். குழி விழுறது அங்கேதான். வாட்டர்ஜெட்ல வெட்டி, போல்ட்டும் சங்கிலியும் போட்டுத் தொங்கவிடுறது நல்லது. லேசா முன்பக்கம் சாய்ச்சு வச்சா துண்டுகள் தரையை நோக்கிப் போகும்.

இன்னொரு விஷயம், வேகம். கனமான, மெதுவான கைத்துப்பாக்கிக் குண்டு ஏ.ஆர். 500-இல் பெயின்ட்டை மட்டும் உரிச்சிட்டுப் போகும். வினாடிக்கு 900 மீட்டரைத் தாண்டும் சின்ன ரைபிள் குண்டு அதிலேயே குழி போடும். அதனால ரைபிளுக்குக் குறைந்தது 100 கெஜம்னு சொல்றாங்க. அந்தத் தூரத்தில் வேகமும் குறையும், சிதறலும் எட்டாது. கைத்துப்பாக்கிப் போட்டிகளில்கூட ஸ்டீல் இலக்குக்கு 23 அடிக்குள் போகக் கூடாதுன்னு விதி உண்டு. ஸ்டீல் முனை வச்ச குண்டு வேண்டவே வேண்டாம். வேடிக்கை பார்க்கிறவருக்கும் கண்ணாடி கட்டாயம்.

"குழி விழுந்தா என்ன, இன்னும் ரெண்டு வருஷம் ஓடுமே, காசு கொடுத்து வாங்கினது" என்று ஒருத்தர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அந்த ரெண்டு வருஷம் தகடு தாங்கும், எதிரே நிற்கிறவரின் கண் தாங்குமா? குழி விழுந்த தகட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுறது வீண்செலவு இல்லை.

நம்மில் பலர் வாழ்க்கையில் இந்தத் தகட்டைத் தொடக்கூட மாட்டோம். ஆனா அடுத்த வருஷம் ஏதோ ஒரு கம்பெனியில், ஏதோ ஒரு பாகத்துக்கு மெட்டீரியல் எழுதுவோம். அப்போ "எவ்வளவு லோடு தாங்கும்?"னு கேட்கிறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: "இது எந்த நிலைக்கு வந்தா, முழுசா இருந்தாலும் தூக்கிப் போடணும்?" அந்தப் பதிலையும் டிராயிங்கில் எழுதுங்க. அது இல்லாத டிசைன் பாதி டிசைன்தான்.