வீட்டுத் தோட்டம்: இருவகை உருளைக்கிழங்கு

தில்லிவாழ் நம்மவர் கொல்லையில் இவ்வாண்டு இருவகை உருளைக்கிழங்கு பயிரிடலாம் என்பது எமது யோசனை. இரண்டும் சிம்லாவிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையம் அளித்தவை. குஃப்ரி சந்திரமுகி (1968) ஏறத்தாழ 90 நாளில் முதிரும். செந்தோலுடைய குஃப்ரி சிந்தூரிக்கு (1967) 110 நாளுக்கு மேல் வேண்டும். ஐப்பசித் தொடக்கத்தில் நட்டால் முன்னது பொங்கலையொட்டியும் பின்னது மாசியிலும் கைக்கு வரும். சிந்தூரி எளிதில் கெடாதாகையால் சேமிப்புக்கு உகந்தது.

செடி வளர வளர மண் அணைத்தல் இன்றியமையாதது. வெயில் பட்ட கிழங்கு பச்சை நிறமடையும். அதில் நஞ்சும் மிகும். வேகவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. குழந்தைகள் உண்ணும் வீட்டில் அத்தகைய கிழங்கை அறவே விலக்குவோமாக.

தோண்டுவதற்குப் பத்து நாள் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்தித் தழையை அறுத்துவிடுக. விரலால் தேய்த்தும் தோல் உரியாதாயின், அறுவடைக்குக் காலம் கனிந்தது என அறிக.