வாயில்லா ஜீவனுக்கும் ஒரு வாசல்

தோட்டத்தில் ஒரு குடும்பம் வீடு மாறுகிறது என்றால் லோரியில் என்னென்ன ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். கட்டில், அலமாரி, சாமிப் படங்கள், அம்மி, கடைசியாகத் துளசிச் செடி. ஏறாமல் நிற்பது ஒன்று உண்டு. அதுதான் வீட்டுப் பூனை.

பழைய லயங்களைக் காலி செய்தபோது நான் இதைக் கண்ணால் பார்த்தேன். குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடம் மலிவு விலை அடுக்குமாடி வீடு. "நாலாவது மாடியில பூனைய எங்க டீச்சர் வெக்கிறது?" என்று தாய்மார்கள் கேட்டார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதருக்கே இடம் போதாத வீடு அது. ஆனால் ஆள் இல்லாத லயத்து வாசலில் மாலை ஆறு மணிக்குப் பூனைகள் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கும். ஆறு மணிக்குத்தானே அந்த வீட்டில் மீன் கழுவுவார்கள்!

தமிழ்ப்பள்ளி மட்டும் அங்கேயே இருக்கிறது. பேருந்தில் வந்து இறங்கும் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், எங்கள ஏத்திக்கிட்டுப் போக லோரி வந்துச்சு. அதுங்கள ஏத்திக்க யாரு வருவா?" நன்னெறிப் பாடம் நடத்துகிற எனக்கு அன்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் பூனைக் கொட்டகை பிறந்தது. "நாங்களும் இப்படிச் செய்யலாமா?" என்று வாசகியர் சிலர் கேட்டிருப்பதால் இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நாங்கள் செய்த தவறு

பயன்படாமல் கிடந்த பழைய ஆயாக்கொட்டகையை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினோம். ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர், பெற்றோரில் இரண்டு பெண்கள், முன்னாள் மாணவர்கள் நால்வர், நான். யாருக்கும் சம்பளம் இல்லை. ஒன்பது பூனைகளோடு தொடங்கினோம். செய்தி பரவியது. விடிந்தால் வாசலில் அட்டைப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் கண் திறக்காத குட்டிகள் இருக்கும். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டே மாதத்தில் ஒன்பது, இருபத்து மூன்றாகிவிட்டது.

பிறகு ஒரு வாரத்தில் ஏழு குட்டிகள் செத்தன. வாந்தி, பேதி, கண்ணில் ஒளி இல்லை. பட்டணத்துக் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இது பூனைப் பார்வோ" என்றார். உடலின் வெள்ளை இரத்த அணுக்களையே அழித்துவிடும் நோய் அது. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஓராண்டுகூட உயிரோடு இருக்குமாம். புதிதாக வந்த ஒரு குட்டியை நேராகக் கொண்டுபோய் மற்றவற்றோடு விட்டது நான்தான். "கொல்ல மாட்டோம்" என்று பலகை எழுதி மாட்டியிருந்தோம். எங்கள் அறியாமை கொன்றுவிட்டது. மண்டோர் தாத்தா குழி தோண்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சரம்மா, மனசு மட்டும் இருந்தா போதாது, கணக்கும் வேணும்."

அன்று முதல் கணக்கோடு நடத்துகிறோம்.

கொல்லாமை என்றால் என்ன?

வள்ளுவர் கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் ஒரு காப்பகம் அதை நடைமுறையில் காட்டுவது எப்படி? அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1994-ஆம் ஆண்டு அங்குள்ள பிராணிகள் நலச் சங்கம் நகராட்சியோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. உடல் நலமுள்ள நாய் பூனை எதையும் இடமில்லை என்ற காரணத்துக்காகக் கொல்வதில்லை. நகராட்சி வைத்துக்கொள்ள முடியாதவற்றைச் சங்கம் ஏற்று வீடு தேடிக் கொடுக்கும் என்பதே அது. 'கொல்லாத காப்பகம்' என்ற எண்ணம் உலகெங்கும் பரவ இது பெரிய காரணம். மீளவே முடியாத வேதனையில் துடிக்கும் உயிரை மருத்துவர் ஊசி போட்டு அமைதிப்படுத்துவதை இந்தக் கொள்கை தடுப்பதில்லை. இடமில்லை, பணமில்லை என்று கொல்வதைத்தான் தடுக்கிறது.

நம்மவர்களின் உதாரணம் இதற்கு முந்தியது. சென்னையில் விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் 'புளூ கிராஸ்' அமைப்பைத் தொடங்கினார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். அந்நாளில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. கொன்ற இடத்தில் புதியவை வந்து குட்டி போட்டன. கருத்தடைதான் வழி என்று புளூ கிராஸ் 1964 முதல் சொல்லி வந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! பொறுமைக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

நம் நாட்டிலும் சிலாங்கூர் மிருகவதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் இயங்கி வருகிறது. ஆகவே நாம் யாரும் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பெரிய ஊர்களில் நடப்பதை நம் தோட்டத்து அளவுக்குச் சுருக்கிச் செய்கிறோம், அவ்வளவுதான்.

கெம்பிரிதான் முதல் வேலை

பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் 63 முதல் 65 நாள். ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் சாதாரணம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகிவிடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று என்றால் கூட்டிப் பாருங்கள். எத்தனை கொட்டகை கட்டினாலும் போதாது.

ஆகவே எங்கள் கையில் சேரும் பணத்தில் முதல் செலவு கெம்பிரி, அதாவது கருத்தடை அறுவை. சோறு இரண்டாவதுதான். மனிதரோடு பழகாத பெரிய பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கெம்பிரி செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது வெட்டி, அவை வாழ்ந்த இடத்திலேயே விட்டுவிடுகிறோம். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் அதைச் செய்துவிடுவதால் வலி தெரியாது. காது நுனி வெட்டிய பூனையைக் கண்டால் மறுபடியும் பிடிக்காதீர்கள்.

கொட்டகை நடத்தும் முறை

முதலாவது, எண்ணிக்கை. எங்கள் கொட்டகைக்கு எல்லை பன்னிரண்டு. பதின்மூன்றாவது வந்தால் கொண்டுவந்தவரிடம், "உங்கள் வீட்டில் ஒரு மூலையில் வைத்திருங்கள், தீனிக்கும் மருந்துக்கும் நாங்கள் உதவுகிறோம், வீடு தேடித் தருகிறோம்" என்கிறோம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு.

இரண்டாவது, தனியறை. புதிதாக வருவது எதுவானாலும் இரண்டு வாரம் தனியே. அதற்குத் தனித் தட்டு, தனித் துணி, தனிச் செருப்பு. தரையைக் கழுவிய பிறகு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். பாலாக வெளுக்கும் கிருமிநாசினிகளில் பல பூனைக்கு நஞ்சு.

மூன்றாவது, ஆள் முறை. பள்ளிக் கால அட்டவணை போலவே ஒன்று சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒருவருக்கு வாரத்தில் இரண்டு வேளைதான். ஆசையில் ஏழு நாளும் வருகிறேன் என்பவர் மூன்றாம் மாதம் காணாமல் போவார். இதை அனுபவத்தில் கண்டோம்.

நான்காவது, பணம். 555 கணக்குப் புத்தகம் ஒன்று போதும். வந்த வெள்ளி, போன வெள்ளி, எதற்கு என்று அன்றன்றே எழுதி இருவர் கையெழுத்திட வேண்டும். மாதம் இரண்டு வெள்ளி கொடுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அதைப் புரட்டிப் பார்க்க உரிமை உண்டு. தர்மக் கணக்கு தெளிவாக இல்லாவிட்டால் நல்ல காரியம் நாற்சந்திக்கு வந்துவிடும்.

ஐந்தாவது, தத்துக் கொடுப்பது. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதில்லை. பிறந்த நாள் பரிசாகக் கொடுப்பதில்லை. வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்கிறோம். அடுக்குமாடி வீடு என்றால் அங்கே அனுமதி உண்டா என்று விசாரிக்கச் சொல்கிறோம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்க்கிறோம். முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும், பாசாரில் விடக் கூடாது என்பது நிபந்தனை.

தாய்மார்கள் கவனத்திற்கு

காய்ச்சல் என்று பூனைக்குப் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும். தாயில்லாக் குட்டிக்கு மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளாது, பேதியாகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் மாவு உண்டு.

எலி மருந்து வைக்கும் செம்பனைக் காட்டிலும் செகிஞ்சான் பக்கத்து வயல்களிலும் மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் உள்ளே இரத்தம் கசியும். உடனே மருத்துவரிடம் போனால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற இடமுண்டு. செத்த எலியைக் கண்டால் கையுறை போட்டு எடுத்துப் புதையுங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் மனிதரையும் கொல்லும்.

கருவுற்ற பெண்கள் பூனைக் கழிவை அள்ள வேண்டாம். அந்த வேலையை வீட்டு ஆண்கள் செய்யட்டும். படர்தாமரை பூனையிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒட்டும். மருந்து போட்டால் இருவருக்கும் ஆறும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநோய் தலைகாட்டியது. அதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக் கூடாது.

சகுனமும் சட்டமும்

"பூனை குறுக்கே போனால் போகிற காரியம் நடக்காது" என்று இன்னும் சொல்கிறோம். பூனைக்கு அங்கே என்ன காரியமோ, அது போகிறது! 1960-இல் சரவாக்கின் பாரியோ மலைப்பகுதியில் எலித் தொல்லை தாங்காமல் தவித்தபோது, பிரிட்டிஷ் விமானப் படை பூனைகளைக் கூடைகளில் வைத்துப் பாராசூட்டில் இறக்கியது. வானத்திலிருந்து பூனை வந்ததை அந்த மக்கள் அபசகுனம் என்றா சொன்னார்கள்?

சட்டமும் மாறிவிட்டது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதைக்கு முன்னாளில் 200 வெள்ளிதான் அபராதம். 2015-ஆம் ஆண்டுப் பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், வதைத்தவருக்கு 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். 2018-இல் கோம்பாக்கில் சினைப் பூனையைச் சலவை உலர்த்தியில் போட்டுக் கொன்றவர்கள் 2019-இல் சிறைத் தண்டனை பெற்றார்கள். வளர்ப்பவர் தம் பிராணிக்கு ஏற்ற தீனியும் இடமும் கொடுத்து, நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் காக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது.

தண்டனைக்குப் பயந்து வரும் இரக்கம் போதாதுதான். ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மூன்று தலைமுறை உழைத்த இடத்திலிருந்து, "இனி இங்கே உனக்கு இடமில்லை" என்ற சொல்லைக் கேட்டவர்கள் நாம். அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று யாரும் நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதே சொல்லை நாம் இன்னொரு உயிருக்குச் சொல்லலாமா?

வீடு மாறப் போகிறீர்களா? லோரிக்குச் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பே பூனைக்கும் ஓர் இடம் பாருங்கள். கெம்பிரி செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரியுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய கொட்டகையைக் கூட்டிப் பெருக்குங்கள். ஆனால் எல்லையையும் தனியறையையும் மறந்துவிடாதீர்கள். அதற்கு நாங்கள் ஏழு குட்டிகளை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் கொட்டகையில் ஒன்பது பூனைகள் இருக்கின்றன. அந்த மாணவி இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஆனாலும் சனிக்கிழமை காலையில் பேருந்து பிடித்து வந்து, தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பசியாறப் போகிறாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதிலை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். வணக்கம்.