திரும்பி வந்த இரண்டு புத்தகங்கள்

நம் தோட்டத்து வாசகசாலைக்கு நாம் நன்கொடையாக அளித்த ஐந்து புத்தகங்களில் இரண்டு சென்ற மாதம் நம்மிடமே திரும்பி வந்தன. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, "இது குடும்பத்தார் வந்துபோகும் இடம்" என்று ஒரு சீட்டும் வைத்திருந்தனர் கமிட்டியார். திரும்பியவை இரண்டும் ரேவதி என்னும் திருநங்கையார் எழுதியவை: 2004-இல் வெளியான "உணர்வும் உருவமும்", 2011-இல் வெளியான "வெள்ளை மொழி". மற்ற மூன்றும் ஏற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஆஸ்கார் ஒயில்டின் ஆங்கிலக் கதைத் தொகுதி! கமிட்டியாரின் பரிசோதனை எத்தகையது என்பதற்கு இஃதொன்றே சான்று.

கமிட்டியார் தீயவர் அல்லர். சம்சுவை ஒழிக்கப் பாடுபட்டவர்கள். தமிழ்ப் பள்ளிக்காகத் தெருத்தெருவாய் வசூல் செய்தவர்கள். ஆதலாலேயே அவர்களோடு வழக்காட வேண்டியதாயிற்று.

நாம் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். 1888-இல் ஒயில்ட் வெளியிட்ட இளவரசன் சிலையின் கதையை நம் ஆசிரியர் மனமுருகப் போதித்தார். அவ்வாசிரியரே, அதை எழுதியவர் ஆடவரோடு கொண்ட உறவுக்காக 1895-இல் ஈராண்டுக் கடுங்காவல் பெற்றதையும், 1900-இல் பாரிஸ் நகரில் வறியவராய் மாண்டதையும் சொல்லாது விட்டார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய சரித்திரமொன்றில் பின்னாளில் அதைப் படித்தோம். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. ஏன் என்பதை விவேகமுள்ள வாசகர் ஊகித்துக்கொள்க. இந்நாட்டுச் சட்டத்தை முன்னிட்டு அதற்குமேல் எழுதுவதற்கில்லை.

பிறகு பார்ஸ்டர் வந்தார். அவர் 1914-இல் எழுதி முடித்த "மாரிஸ்" என்னும் நாவல், 1970-இல் அவர் மறைந்த பின், 1971-இல்தான் அச்சேறியது. பங்கு வியாபாரம் செய்யும் கனவான் ஒருவனும், பிரபு வீட்டு வேட்டைக் காட்டைக் காக்கும் வேலையாள் ஒருவனும் ஒருவரையொருவர் நேசித்துச் சேர்ந்து வாழப் புறப்படுவதோடு கதை முடிகிறது. அம்முடிவை மாற்ற ஆசிரியர் இசையவில்லை. (ஜாதி கடந்த மணத்தை மேடையில் வாழ்த்தும் நம் சீர்திருத்த நண்பர்கள், அந்தஸ்து கடந்த இந்த அன்பையும் சற்றுக் கவனிப்பார்களாக.) செக்ரோல் எழுதும் மேசையின் இழுப்பறையில் ஒளித்து வைத்து அந்நூலை மூன்று முறை படித்தோம். இத்தகையோர் கதை சிறையிலோ தற்கொலையிலோ முடிந்தே தீரவேண்டும் என்றில்லை என்பது நமக்குப் புதுச் செய்தி. ஐம்பத்தேழு ஆண்டு வெளிவராது கிடந்த நூல் நம்மிடத்திலும் இழுப்பறையிலேயே கிடந்தது!

நிற்க. இவ்வளவும் ஆங்கிலம். மாதச் சம்பளமும் ஆங்கில எழுத்தும் உடைய கிராணிக்கு இவை கிடைத்தன. அதே தோட்டத்தில், தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்று செம்பனைக் குலை சுமக்கப் போன பிள்ளைக்கு, நடையைக் கண்டு பெரட்டுக் களத்தில் ஊரே சிரிக்கும் அந்தப் பிள்ளைக்கு, என்ன கிடைத்தது? சினிமாவில் சிரிப்பு மூட்டும் கோமாளி வேடமும், வாயாற் சொல்லத்தகாத வசைகளும் அல்லவா? அவன் எட்டிப் பிடிக்கக்கூடிய தமிழில், நாமக்கல் வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்து, உடன்பிறந்தார் அடிக்கு ஆளாகி, வீட்டை விட்டு ஓடி, பின் தலைநிமிர்ந்த ஒருவர் தம் வாழ்வை எழுதியிருக்கிறார். அச்சுயசரிதையும் தமிழில் எழுதப்பட்டு, 2010-இல் முதலில் வெளியானது ஆங்கில மொழிபெயர்ப்பாகவே! மறுவருஷந்தான் தமிழர் கைக்கு வந்தது. அதையும் சுற்றிக் கட்டித் திருப்பியனுப்புவது எந்த நியாயம்?

"தமிழ்ப் பண்பாட்டுக்கு விரோதம்" என்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள், காமன் பெண்கோலம் பூண்டு ஆடியதாகச் சொல்லப்படும் பேடியாடலும் ஒன்று என்பதை இப்பெரியோர் படித்ததில்லையா? பண்பாடென்று இவர்கள் கட்டிக் காப்பது உண்மையில் வெள்ளைக்காரன் சட்டத்தை. மெக்காலே வரைவில் தொடங்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் நிறைவேறியபோது 377-ஆம் பிரிவு பிறந்தது. 1871-இல் நிறைவேறிய நீரிணைக் குடியேற்றங்களின் தண்டனைச் சட்டத்திலும் அது புகுந்தது. கொண்டுவந்தவன் தன் நாட்டில் 1967-இல் தளர்த்தினான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல், மனமொத்த வயது வந்தோரை அப்பிரிவினின்று விடுவித்தது. 1938-இல் சேர்க்கப்பட்ட 377ஏ பிரிவை நீக்கச் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் 2022-இல் சட்டமியற்றியது. மலேசியாவிலோ இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. அச்சட்டங்கூடச் செயலைத் தண்டிக்கிறதேயன்றி, ஒரு திருநங்கையின் வாழ்க்கையைப் படிப்பவனைத் தண்டிக்கவில்லை. கமிட்டியார் மெக்காலேயையும் மிஞ்சிவிட்டனர்.

"பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்பது மற்றொரு வாதம். புத்தகம் படித்து ஒருவன் இப்படி ஆவானாயின், ஆயிரங் காதற் கதைகளைப் படித்த நாம் வேறு விதமாகவல்லவா ஆகியிருக்க வேண்டும்?

திரும்பி வந்த இரண்டு நூல்களும் இப்போது நம் ஆபீஸ் மேசையின்மேல் இருக்கின்றன, இழுப்பறையில் அன்று. மாலை ஐந்து மணிக்குமேல் வேண்டுவோர் வந்து எடுத்துச் செல்லலாம். பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம்.